டீச்சர் இன்னும் கையை இறக்கவில்லை

வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குச் சிட்டுவின் வீட்டு நாற்காலிகளெல்லாம் சுவரோரம் ஒதுங்கிவிடும். டேப்லெட்டை மேசைமேல் நிமிர்த்தி வைத்தால், எங்கோ தூரத்திலிருந்து உடற்பயிற்சி டீச்சர் திரையில் வருவார். சிட்டுவுக்குப் பதினாறு வயது. எதையும் மெதுவாகத்தான் பிடித்துக்கொள்வாள். பிடித்துக்கொண்டால் விடமாட்டாள், தங்கம். அவளைப் போன்ற பிள்ளைகளுக்கென்றே நடக்கிற வகுப்பு அது. உடம்பு எவ்வளவு நேரம் அசைந்தது என்று அவள் மணிக்கட்டிலுள்ள பட்டை டீச்சருக்குச் சொல்லிவிடும்.

ஒரு மாதம் போயிற்று. அரைமணி வகுப்பில் பன்னிரண்டு நிமிடம்தான் அசைகிறாள் என்றது பட்டை. அப்பா பஸ் டிரைவர். பிள்ளைக்கு முடியவில்லை, எதற்குப் போட்டு வதைக்க வேண்டும், நிறுத்திவிடலாம் என்றார். அம்மா ஒப்பவில்லை. சிட்டு வாரமெல்லாம் காத்துக்கிடப்பதே அந்த ஐந்து மணிக்குத்தான். வகுப்பைப் போட்டுக்கொடுத்துவிட்டுத் தையல் மிஷினுக்கு ஓடுகிற அம்மாவுக்கும் உள்ளே நடப்பது தெரியாது. ஒருநாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று கெஞ்சினாள்.

அப்பா லீவு போட்டு உட்கார்ந்தார். டீச்சர் இரண்டு கையையும் தூக்கினார், சிட்டுவும் தூக்கினாள். அடிக்கடி மக்கர் பண்ணுகிற நெட் அந்த நேரம் பார்த்து நின்றுபோனது. டீச்சர் தூக்கிய கையோடு படமாகிவிட்டார். சிட்டுவும் அப்படியே நின்றாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். தோளெல்லாம் நடுங்கியது.

"கையை இறக்கு கண்ணு."

"டீச்சர் இன்னும் இறக்கலப்பா."

சும்மா நின்றாள் என்று பட்டை கணக்கெழுதியது இதைத்தானா! நெட்டைப் பற்றி எடுத்துச் சொன்னார். அவள் கண் திரையைவிட்டு நகரவில்லை. வேறு வழியின்றி எழுந்துபோய்த் திரையை மறைத்து நின்று, தன் இரண்டு கையையும் தூக்கி, மெதுவாக இறக்கினார். சிட்டுவின் கையும் இறங்கியது. அடுத்து தொந்தி இடிக்க இடிக்கக் குனிந்தார்.

"முட்டி மடங்கக் கூடாதுப்பா," என்று அவள் சிரித்தாள்.

நெட் திரும்பி வந்தபோது டீச்சருக்கு யாரோ ஒருவரின் முதுகுதான் தெரிந்தது. யாருங்க மறைக்கிறது என்று கேட்டார்.

"நான்தாங்க, இவ அப்பா. என்னென்ன செய்யணும்னு முன்னாடியே எனக்கு அனுப்பிடுங்க. காலை ஷிப்டுக்கு மாத்திக்கறேன். நெட்டு நின்னா நான் நிக்கறேன்."

"பேசாதீங்கப்பா," என்றாள் சிட்டு. "இன்னும் எட்டு தடவை குனியணும்."