சுவருக்குப் போன ஃபேன்

குழாய் உடைந்து பின்னறைச் சுவர் ஊறிப்போனது. "நல்லாக் காயலேன்னா பூஞ்சை பிடிச்சிடும்" என்றார் குழாயைச் சரிசெய்து பூச்சு பூசிய கொத்தனார். வீட்டிலிருந்த இரண்டு ஃபேன்களையும் ஹெட்கிளார்க் சுவரைப் பார்த்து ஓடவிட்டார். குடும்பம் வியர்வையில் குளிக்க, சுவர் மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி காற்று வாங்கியது.

பத்து நாளாகியும் ஈரம் போகவில்லை. கொத்தனாரை வரவழைத்து, "என்னய்யா பூச்சு பூசினே?" என்று எகிறினார். கொத்தனார் அறைக்கதவைத் திறந்தார். உள்ளே கொடி நிறையத் துணிகள் சொட்டிக்கொண்டிருந்தன.

"ஈரத்தை நீங்களே சப்ளை பண்றீங்களே, சார்!"

ஹெட்கிளார்க் மனைவியை முறைத்தார். "இங்க யாரு துணி போடச் சொன்னது?"

"கொடி கட்டி முதல்ல துண்டு போட்டதே நீங்கதானே? காத்து வீணாப் போகுதேன்னு நாங்களும் பக்கத்துல போட்டோம்."

"ஒரு துண்டுல என்ன பெரிய ஈரம்?" என்று அதை உருவித் தோளில் போட்டுக்கொண்டார். ஆபீஸ் சட்டை முதுகுவரை நனைந்தது.