அண்ணன் எழுந்த சூடு

அழகுபாண்டி டிரைவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டுக் கம்பியைத் தேடினான். விரலில் கண்ணாடித் தூள் குத்தியது. கம்பியைத் தூக்கி இழுத்ததும் சீட் டக்கென்று முன்னால் வந்தது.

“இன்னுங் கொஞ்சம்,” என்றாள் கனகா. கார் அவளுடையது. கே.கே. நகரில் இருந்துகொண்டு மூன்று கார்களை லீசுக்கு விட்டிருந்தாள். ஷெட்டுக்குள் வெயில் இல்லை. ஆனாலும் குடையை மடக்காமல் நின்றாள்.

“போதும்க்கா. என் காலுக்கு இதான்.”

விடிகாலையில், ஒத்தக்கடை தாண்டி, விளக்கில்லாமல் நின்ற லாரிக்குப் பின்னால் கார் சொருகியிருந்தது. ஓட்டியது அவன் அண்ணன் ஜெயபாண்டி. இப்போது பிணவறையில் கிடந்தான். நெட்டையன். சீட்டைக் கடைசிவரை தள்ளினால்தான் அவனுக்குக் கால் நீட்ட இடம் கிடைக்கும்.

லீஸ் அழகுபாண்டியின் பேரில். வேறு யார் ஓட்டினாலும் நஷ்டம் அவனைச் சேரும். அண்ணனின் லைசென்ஸ் எப்போதோ காலாவதியாகிவிட்டது. பகலில் தம்பி, ராத்திரியில் அண்ணன் என்று ஓடியது கனகாவுக்கும் தெரியும். வண்டி ஓடுகிறவரை யாரும் அதைப் பேசவில்லை.

“லாரிக்காரன் ஓடிட்டான். பாத்தவன் யாருமில்ல. ஜெயபாண்டி ஓட்டுனான்னா இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சிருவான். வண்டி ஒன் தலைல. ஒன் மதினிக்கும் ஒண்ணும் வராது. நீ ஓட்டுன. அவன் பக்கத்துல ஒக்காந்திருந்தான். அம்புட்டுத்தான்.”

“எம்மேல கேஸ் வரும்லக்கா?”

“வரும். தல்லாகுளத்துல நமக்குத் தெரிஞ்ச வக்கீல் இருக்காரு.”

“ஒடம்புல ஒரு கீறல்கூட இல்லையேக்கா.”

“பெல்ட் போட்டிருந்தேன்னு சொல்லு.”

அவள் ஷெட்டைப் பூட்டிச் சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

தினமும் காலையில் வண்டி கைமாறும்போது அண்ணன் எழுந்த சூடு சீட்டில் இருக்கும். அதன்மேல்தான் அழகுபாண்டி உட்கார்ந்து சீட்டை முன்னால் இழுப்பான். “பள்ளிக்கூடத்துப் பய கார் ஓட்டுறான் பாரு” என்று சிரித்துவிட்டு அண்ணன் டீ குடிக்கப் போவான்.

பிற்பகலில் உடல் வீட்டுக்கு வந்தது. ஐஸ் பெட்டி நீளம் பத்தாமல் அண்ணனின் பாதங்கள் கண்ணாடியில் முட்டிக்கொண்டு நின்றன. அழகுபாண்டி மதினி முத்துமீனாவின் பக்கத்தில் குனிந்தான்.

“மதினி, நாந்தான் ஓட்டுனேன்னு சொல்லச் சொல்றாங்க.”

“தூங்கிட்டுருந்த ஒன்னைய எழுப்பிச் சேதி சொன்னதே நாந்தானப்பா.”

“ஆமா மதினி.”

அவள் சுவரோரம் இருந்த தன் இரண்டு பெண்பிள்ளைகளையும் பார்த்தாள்.

ஊர்ப் பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். முத்துமீனா திடீரென்று மாரில் அடித்துக்கொண்டாள்.

“ஏ அழகு! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம கூட்டிட்டுப் போயி லாரில சொருகிட்டியே! ஒனக்கு மட்டும் ஒண்ணும் ஆகலையேடா!”

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பக்கத்திலிருந்த இரண்டு பெண்கள் சேலையை இழுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்கள்.

“நீயாடா ஓட்டுன?” என்றார் பெரியப்பா.

“ஆமா.”

சொன்ன பிறகு அது பொய்யாகவே படவில்லை. லாரியின் பின்பலகை கண்ணுக்கு முன்னால் பெரிதாகி வந்தது. வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. அதே காலோடு சுடுகாட்டுக்கு நடந்துபோய் அண்ணனுக்குக் கொள்ளி வைத்தான்.

மறுநாள் அவன் மொட்டைத் தலையோடு ஷெட்டுக்குப் போனான். கனகா பூட்டைத் திறந்தாள். இன்சூரன்ஸ் சர்வேயர் விஸ்வநாத் காரை ஒரு சுற்று வந்தார். நசுங்கிய முன்பக்கத்தைப் படம் எடுத்தார்.

“நீங்கதான ஓட்டுனது?”

“ஆமா சார்.”

“ஒக்காந்து காட்டுங்க. ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்.”

அழகுபாண்டி ஏறி உட்கார்ந்தான். முதுகு எங்கோ பின்னால் போய்ச் சாய்ந்தது. தொடைக்கடியில் சீட் வெதுவெதுப்பாக இருந்தது. நிமிர்ந்து கனகாவைப் பார்த்தான். அவளும் சீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷெட் சாவி அவள் கையில்தான் இருந்தது.

“பிரேக்ல கால வைங்க,” என்றார் விஸ்வநாத், செல்போனை உயர்த்திப் பிடித்தபடி.

அவன் காலை நீட்டினான். எட்டவில்லை.