கசிவு பார்த்தல்

சீனு சாவியைத் திருகப்போன நேரத்தில்தான் மல்லம்மா வாய் திறந்தாள்.

"ஸ்டார்ட் பண்ணாதீங்க! கையை எடுங்க!"

விடிந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவள். கூடத்தில் கணவரின் உடலருகே உட்கார்ந்திருந்தவள் எழுந்து ஓடிவந்து கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள். துக்கத்துக்கு வந்திருந்தவர்கள் எல்லோரும் வாசலையே பார்த்தார்கள்.

"போர்டிகோவுலதானே அண்ணனைக் குளிப்பாட்டணும்? வண்டியை வெளிய எடுக்க வேண்டாமுங்களா அண்ணி?" என்றார் சீனு. இறந்துபோன ரத்தினசாமியின் தம்பி. கொள்ளேகாலிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வந்திருந்தார்.

"கியர் எண்ணெய் போற குழாய் இன்னும் மாட்டலீங்க. ஸ்டார்ட் பண்ணினா எண்ணெய் பூரா தரையில போயிரும். கியர்பெட்டியே கருகிப்போகும்."

பழைய ஆட்டோமேட்டிக் கார் அது. கியர்பெட்டியின் எண்ணெய் இரண்டு மெல்லிய இரும்புக் குழாய்கள் வழியே ரேடியேட்டருக்குப் போய்ச் சூடு ஆறித் திரும்ப வேண்டும். குழாய்கள் துருப்பிடித்து, கொஞ்ச நாளாகப் போர்டிகோ முழுக்கச் சிவப்புச் சொட்டுகள். ஹெப்பாள் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற மனுஷர், வேறு ஆளை அந்தக் காரைத் தொட விடுவாரா? நேற்றுப் புதுக் குழாய்களை வாங்கி வந்து, கீழே படுத்துக் கியர்பெட்டிப் பக்கத்து முனைகளை மாட்டிவிட்டார். ரேடியேட்டர் பக்கம்தான் பாக்கி. "டீ போடு மல்லு, குடிச்சுட்டு வந்து மாட்டிக்கறேன்" என்று நாற்காலியில் உட்கார்ந்தவர் மல்லம்மா டீயோடு வருவதற்குள் போய்விட்டார்.

"சரி, தள்ளிடலாம்" என்றார் சீனு. "யாராவது ஸ்டியரிங் புடிங்கப்பா."

மல்லம்மா தானே ஏறி உட்கார்ந்தாள். பிரேக்கை மிதித்து லீவரை நியூட்ரலில் போட்டாள். சவம் கூடத்தில் கிடக்க, பெண்டாட்டி ஸ்டியரிங் பிடிக்க, சொந்தக்காரர்கள் சேர்ந்து காரைத் தெருவுக்குத் தள்ளினார்கள். புங்கமரத்தடியில் ஒழுங்காக நிறுத்திவிட்டுத்தான் இறங்கினாள்.

அது அவள் ஓட்டும் கார். ரத்தினசாமிக்கு ஃபேக்டரியில் இரும்புத் தூள் பட்டு ஒரு கண் மங்கிப்போயிருந்தது. அவளுக்கு இடது முட்டி சரியில்லை, கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால்தான் ஆட்டோமேட்டிக். ஓட்டுவது அவள், ரிப்பேர் பார்ப்பது அவர், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து திட்டுவதும் அவரே. சாமுண்டி மலை வளைவுகளில் "மெதுவா, மெதுவா" என்று உயிரை வாங்குவார். மேலே போய்ச் சுருமுரிப் பொரி வாங்கித் தந்ததும் எல்லாம் மறந்துபோகும். அந்தத் திட்டுக்காகவே இன்னொரு தடவை மலையேறலாம் என்று இப்போது இருந்தது.

குளிப்பாட்டும்போது அவர் நகக்கண்ணில் இருந்த கரி போகவில்லை. சீனு சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"விடுங்க. எப்பவும் அப்படித்தான்" என்றாள் மல்லம்மா.

புறப்படும் முன் சீனு சொன்னார்: "நாளைக்கு டெம்போ சொல்லியிருக்கேனுங்க. அஸ்தியை ஸ்ரீரங்கப்பட்டணத்துல கரைச்சுட்டு நாங்க வந்துடறோம்."

"டெம்போ எதுக்கு? நான் ஓட்டிட்டு வர்றேன். அவரு வண்டியிலதான் அவரு காவேரிக்குப் போகோணும்."

"இந்த நேரத்துல நீங்க வண்டி ஓட்டறதா? பாக்கறவங்க என்ன பேசுவாங்க? அதுவும் அந்த வண்டி ஓடற நிலைமையிலயா இருக்குது?"

அதற்குள் சங்கு ஊதினார்கள். ஆண்கள் போனார்கள்.

பெண்கள் வீட்டைக் கழுவிவிட ஆரம்பித்தார்கள். போர்டிகோவில் எத்தனை குடம் ஊற்றியும் சிவப்புக் கறை அசையவில்லை. மல்லம்மா படிக்கட்டில் கிடந்த இரண்டு ஸ்பேனர்களை எடுத்துக்கொண்டு தெருவுக்கு நடந்தாள்.

பக்கத்து வீட்டுக் கெம்பம்மா பதறினாள். "குளிக்காம இரும்பைத் தொடறியே மல்லம்மா?"

"குளிக்கறதுக்கு முன்னாடியே அழுக்காயிட்டா ஒரே குளியலாப் போகுமல்லோ."

மகள் தீபா பின்னாலேயே ஓடிவந்தாள். "ஸ்வல்ப இரும்மா. மெக்கானிக்கைக் கூப்பிடலாம்."

"இதைப் புடி. ஆட விடாதே. ரேடியேட்டர் பக்கத்து நட்டை ஒருத்தரு புடிச்சுக்கோணும், குழாய் நட்டை ஒருத்தரு திருப்போணும். இல்லாட்டி ரேடியேட்டரே பேந்துட்டு வந்துரும்."

இத்தனை வருஷமும் பிடித்துக்கொண்டு நின்றவள் மல்லம்மா. பானட்டுக்குள் குனிந்து, அவர் சொல்வதுபோல முதலில் விரலால், பிறகு ஸ்பேனரால் திருப்பினாள். ஒரு முனை, இன்னொரு முனை. முட்டி வலித்தது. சிவப்பு எண்ணெயை ஊற்றினாள். காருக்கடியில் பேப்பரை விரித்தாள்.

எந்த ரிப்பேருக்குப் பிறகும் கசிவு பார்ப்பது இருவர் வேலை. அவள் பிரேக்கை அழுத்திக்கொண்டு எஞ்சினை ஓட விட்டு ஒவ்வொரு கியராகப் போடுவாள். அவர் பக்கத்தில் குனிந்து, ஒற்றைக் கண்ணால் பேப்பரையே பார்ப்பார். சொட்டு இல்லையென்றால் பம்பரில் இரண்டு தட்டுத் தட்டுவார். அதற்கு முன் அணைக்கக்கூடாது. ஒருதடவை கெம்பம்மா வீட்டுக்காரரோடு பேச்சில் மெய்ம்மறந்து தட்டவே மறந்துவிட்டார். "பெட்ரோல் பூரா உங்க அரட்டைக்கே போச்சு" என்று அவள் அன்றெல்லாம் கரித்துக்கொட்டினாள்.

மல்லம்மா ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினாள். கார் ஒரு குலுங்கு குலுங்கி ஓடத் தொடங்கியது. லீவரை ஒவ்வொன்றாக நகர்த்தி, பழையபடி கொண்டுவந்து நிறுத்தினாள்.

தீபா குனிந்து செல்போன் வெளிச்சத்தில் பார்த்தாள். "ம்மா, ஒரு சொட்டு இல்லை! பேப்பர் அப்படியே இருக்கு. ஆஃப் பண்ணு."

மல்லம்மாவின் கால் பிரேக்கிலேயே இருந்தது.

தெருமுனையில் ஆண்கள் ஈரத்தலையோடு வந்தார்கள். சீனு காரருகே நின்றார். ஓடும் எஞ்சினைப் பார்த்தார், அண்ணியின் கறுத்த விரல்களைப் பார்த்தார். "டெம்போவை வேண்டாம்னு சொல்லிடறேனுங்க அண்ணி" என்றார்.

அவள் தலையசைத்தாள்.

"ம்மா, கேக்குதா? லீக் இல்லைம்மா. ஆஃப் பண்ணு."

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. மல்லம்மா கண்ணாடி வழியாக முன் பம்பர் இருக்கும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.