பென்சிலில் எழுதிய முடிவு

கொலை செய்தது பாதிரியாரின் தங்கை இல்லை, தபால்காரர். மெட்டில்டா நாவலின் கடைசிப் பக்கத்தை இரண்டு தடவை படித்துவிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்பினாள். அங்கே அவள் கணவன் பிரைட்டன் பென்சிலில் எழுதியிருந்தது தெளிவாகத்தான் இருந்தது: ‘பாதிரியார் தங்கச்சி.’ அதை நம்பி இருநூறு பக்கம் அந்தப் பாவப்பட்ட பெண் டீ போட்டாலும் முறைத்து, தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டாலும் முறைத்து வந்திருக்கிறாள். இதோடு மூன்று புத்தகம், மூன்றிலும் தப்பான பெயர்.

துறைமுகத்துக்கு வரும் வெளிநாட்டுக் கப்பல்காரர்கள் படித்துப் போட்டுவிட்டுப் போகும் ஆங்கில நாவல்களை மாலுமிகள் இல்லத்தின் அலமாரியிலிருந்து பிரைட்டன் அள்ளிக்கொண்டு வருவான். சின்ன ஊர், ஒரு பேக்கரி, ஒரு பூனை, ரத்தமே தெறிக்காத ஒரு கொலை. இல்லாவிட்டால் பனி கொட்டும் டிசம்பர், முட்டி மோதிக்கொண்டு கடைசியில் சேருகிற ஒரு ஜோடி. தூத்துக்குடி வெக்கையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து பனியைப் பற்றிப் படிப்பதில் மெட்டில்டாவுக்கு அப்படியொரு ஆசை. முன்பெல்லாம் முடிவை யாராவது சொல்லிவிட்டால் ஒரு வாரம் அவர்களோடு பேச மாட்டாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பிரைட்டன் சமையல்காரனாக இருந்த கப்பல் ஒன்பது நாள் பேச்சுமூச்சில்லாமல் போயிற்று. என்ஜின் பழுது என்றார்கள், எவனோ மறித்து வைத்திருக்கிறான் என்றார்கள். பத்தாம் நாள் அவன் குரல் போனில் வந்தது. ஆள் முழுசாக வீடு வந்து சேர்ந்தான், இனிமேல் கப்பல் ஏறுவதில்லை என்று மாதா படத்துக்கு முன்னால் வாக்கும் கொடுத்துவிட்டு, துறைமுகத்துப் பக்கம் ஒரு ஹோட்டலில் சமையலுக்குச் சேர்ந்தான். ஆனால் மெட்டில்டாவால் அதற்குப் பிறகு ஒரு கதையைப் பத்துப் பக்கம் தாண்ட முடியவில்லை. கதையில் பூனை காணாமல் போனாலே புத்தகத்தை மூடி வைத்துவிடுவாள். அப்போது பிரைட்டன் கண்டுபிடித்த வைத்தியம்தான் இந்தப் பென்சில். அவன் முதலில் படித்து, கொலைகாரன் பெயரை முதல் பக்கத்தில் எழுதிவிடுவான். காதல் கதையென்றால் ‘சேருதாங்க’ என்று எழுதுவான். சேராத காதல் கதை அந்த அலமாரியில் ஒன்றுகூடக் கிடையாது, இருந்தாலும் எழுதுவான். அந்த ஒரு சொல்லைப் பார்த்தபிறகுதான் அவளுக்கு மூச்சு சீராகும்.

அப்படிப்பட்டவன் மூன்று தடவை தப்பாக எழுதினால்? அவனுடைய சித்தப்பா பவுல், ஐம்பத்தைந்து வயதில் தன் வீட்டு வாசலிலேயே நின்று “இது யாரு வீடுப்பா?” என்று கேட்டவர். பிரைட்டனுக்கு இப்போது ஐம்பத்திரண்டு. அதே மறதி இவனுக்கும் தொடங்கிவிட்டதோ?

மறுநாள் மத்தியானம் மீன்குழம்பை ஊற்றிக்கொண்டே சும்மா கேட்பதுபோலக் கேட்டாள்.

“ஏங்க, அந்தத் தேன் குப்பிக்குள்ள சாவி கெடந்துச்சுல்லா, அது எந்தக் கதை?”

“நேத்து நீ படிச்சதுதான். பூனை தட்டிவிட்டுரும்லா.” சோற்றைப் பிசைந்துகொண்டே உற்சாகமாகச் சொன்னான். “காலையில தபால் குடுக்க வரும்போதே அந்தப் பய உள்ள போட்டுட்டுப் போயிருப்பான். மூணாவது அதிகாரத்துலயே குறிப்பு இருக்கு.”

“எந்தப் பய?”

பிரைட்டனின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. இத்தனை துப்பறியும் கதை படித்த மனுஷன், கையும் களவுமாக இப்படியா மாட்டிக்கொள்வான்! புத்திக்கு ஒன்றுமில்லை என்ற சந்தோஷம் ஒரு கணம் அவள் நெஞ்சை நிறைத்தது. அடுத்த கணமே அது வேறொன்றாக மாறியது.

“அப்போ தெரிஞ்சேதான் மாத்தி எழுதுனியளோ?”

அவன் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தான்.

“உண்மையான முடிவு தெரியாம நீ ஒண்ணையாவது முழுசாப் படிச்சு முடிக்கியான்னு பாத்தேன், மெட்டி. மூணு முடிச்சிட்ட.” பிறகு இன்னும் மெதுவாக, “கப்பல்ல கூப்புடுதாங்க. பதினெட்டாம் தேதி ஏறணும். ஹோட்டல் அடுப்புல நின்னுக்கிட்டு, கப்பல் ஹாரன் சத்தம் கேக்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடுதேன். கரையில எனக்கு உறக்கமே வரமாட்டேங்கு. நீ வேண்டாம்னு சொன்னா போகல.”

“மாதா முன்னால சொன்னது?”

“அதுக்குத்தான் ஒங்கிட்ட கேக்கேன்.”

மெட்டில்டாவுக்குக் கோபம் என்றால் அப்படியொரு கோபம். தன்னைச் சின்னப்பிள்ளைபோலப் பழக்கியிருக்கிறான். அவன் உறங்காமல் புரண்டதெல்லாம் தனக்குத் தெரிந்தும் தெரியாததுபோல இருந்தோமே என்பது அதைவிடச் சுட்டது. நான்கு நாள், தான் வேலை பார்க்கும் பேக்கரியில் மக்ரூன் பெட்டிகளுக்குக் கிறிஸ்துமஸ் ரிப்பன் கட்டிக்கொண்டே அதை நினைத்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்து, பரணிலிருந்த அவன் பையை இறக்கித் தூசி தட்டினாள். அதுதான் அவள் சொன்ன பதில்.

பதினெட்டாம் தேதி காலை அவன் குளித்துக்கொண்டிருந்தான். வண்டி தெருமுனைக்கு வந்துவிட்டதாக போன் வந்தது. மெட்டில்டா மேசையில் கவிழ்த்து வைத்திருந்த நாவலை எடுத்தாள். பனி ஊர், பேக்கரிக்காரி, கிறிஸ்துமஸுக்குள் வந்துவிடுவேன் என்று வடக்கே வேலைக்குப் போன ஒருவன். பனிப்புயலில் அவனிடமிருந்து கடிதம் நின்றுபோன இடம்வரை வந்திருந்தாள். இதன் முதல் பக்கத்தில் பிரைட்டன் ஒன்றும் எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று அவள்தான் சொல்லியிருந்தாள்.

அவனுடைய பென்சிலை எடுத்து அந்த வெற்றுப் பக்கத்தில் நிதானமாக எழுதினாள்: ‘வந்துருதான்.’

மீதி எழுபது பக்கத்தை அவள் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. மடித்து வைத்த சட்டைகளுக்கு நடுவே புத்தகத்தைச் செருகி, பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.