எண்பது வீதம்

“ஏழு” என்றாள் சாம்பவி.

குணேஸ்வரி கார்க் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். தகனசாலையின் புகைபோக்கியைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்து புகை எதுவும் வரவில்லை. மார்ச் மாதத்து வெறும் வானம்தான் இருந்தது.

“என்ன ஏழு?”

“சார்ஜ், அம்மா. ஏழு வீதம்தான் நிக்குது. நாலு நாளா ஒருத்தரும் குத்தேல்லை.”

ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு நாள், உடலை வைத்திருந்த மலர்ச்சாலை வாசலில் இரண்டு நாள். மைனஸ் பதினான்கில் கிடந்த மின்சாரக் கார். கணவர் நகுலேஸ்வரன் இருந்தவரை பல் விளக்கிவிட்டுப் படுக்கப் போகுமுன் கடைசியாகச் செய்கிற வேலை, கராஜுக்குப் போய்க் காருக்கு வயர் குத்துவது. அவர் இல்லாத இந்த நாட்களில் வீட்டில் செய்யாமல் விடப்பட்ட ஒரே வேலை அதுவாகத்தான் இருக்கும். மற்ற எல்லாவற்றையும் ஆட்கள் வந்து செய்துவிட்டார்கள்.

ஆட்கள் முன்னாலேயே போயிருந்தார்கள். கடைசித் தாளில் கையெழுத்து வைப்பதற்காகத் தாயும் மகளும் நிற்க வேண்டியிருந்தது. நகுலேஸ்வரனின் தம்பி அருமைராசா தன் காரில் வரச்சொல்லி மூன்று தரம் கேட்டுப் பார்த்தார். “அப்பாட கார்லதான் வருவம், சித்தப்பா” என்று சாம்பவி முடித்துவிட்டாள். அரை மணி நேரத்துக்கு முன் தகன அறையின் பச்சைப் பொத்தானை அழுத்தியவள் அவள். ஒரே பிள்ளை. ஆயத்தமானதும் அழுத்தலாம், மேடம் என்று அங்கே நின்ற மனிதர் பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னார். அழுத்திய பிறகு அந்த விரலைக் கோட்டில் துடைத்துக்கொண்டாள். அதைக் குணேஸ்வரி கண்டாள். வேறு யாரும் கண்டதாகத் தெரியவில்லை.

“பியர்பொன்ட்ஸ் வீட்டுக்கு இருபத்திரண்டு கிலோமீற்றர். போகுமோ தெரியேல்லை.”

“ஹீட்டரை நிப்பாட்டு” என்றாள் குணேஸ்வரி. “சீற் சூட்டை மட்டும் விடு. ஹைவேயில ஏறாத, உள்வீதியால அறுபதில போ. சிவப்பு லைற்றைத் தூரத்தில கண்டா அப்பவே காலை எடு. பிறேக்கை உழக்காத.”

சாம்பவி திரும்பிப் பார்த்தாள். “உங்களுக்கு என்னண்டு இதெல்லாம் தெரியும்?”

“அப்பா சொல்லுறவர்.”

கார் சத்தமில்லாமல் நகர்ந்தது. இந்தக் காரை வாங்கிய அன்று அருமைராசா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “அண்ணை, உது காரில்லை. சில்லுப் பூட்டின ரெலிபோன்” என்றார். நகுலேஸ்வரன் ஒரு கிழமை அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஹீட்டர் நின்றதும் உள்ளே குளிர் ஏறியது. வெள்ளைச் சேலைக்கு மேல் பனிக்கோட்டு, காலில் பூட்ஸ். ஒவ்வொரு சந்தியிலும் சிவப்பு விழ, குணேஸ்வரியின் வலது கால் தரைவிரிப்பை மெல்ல அழுத்தியது. அவளுக்கே அது தெரியாது. மூன்றாவது சந்தியில் சாம்பவியின் கண் அந்தப் பூட்ஸில் விழுந்து, பிறகு வீதிக்குத் திரும்பியது.

நான்கு வீதத்துக்கு வந்தபோது திரையில் வேகம் குறையும் என்று எச்சரிக்கும் ஆமைப் படம் ஒன்று தோன்றியது.

“இனி ஏலாது” என்றாள் சாம்பவி. “அந்த மோல் கடைகளுக்குப் பின்னால சார்ஜர் இருக்கு. நிப்பம்.”

“இடையில நிக்கக் கூடாது, பிள்ளை. அங்கயிருந்து நேர வீட்டைதான் போகவேணும்.”

“அப்ப நடு றோட்டில நிக்கட்டோ?”

கார் வாகனத் தரிப்பிடத்துக்குள் திரும்பியபோது போன் அடித்தது. அருமைராசாவின் குரல் காருக்குள் நிறைந்தது.

“மச்சாள், எங்க நிக்கிறியள்?”

“வாறம் தம்பி. கார் சார்ஜ் இல்லாம நிண்டுட்டுது.”

“இதுக்குத்தான் நான் தலையால அடிச்சனான். செத்தவீட்டால வாறனீங்கள் கண்ட கண்ட இடத்தில நிக்கக் கூடாது, தெரியும்தானே. அதோட, கால் கழுவத் தண்ணி வச்சிருக்கிறம் வாசல்ல. இண்டைக்கு ரெண்டு தரம் உறைஞ்சு போச்சு. மூண்டாந்தரம் மாத்தியிருக்கு. சோறும் ஆறுது.”

“நீங்கள் எல்லாரும் கழுவிப்போட்டுச் சாப்பிடுங்கோ. நாங்கள் பேந்து வாறம்.”

“என்னண்டு சாப்பிடுறது, உங்களை விட்டிட்டு?” அவர் குரல் உடைந்தது. உடனே வைத்துவிட்டார்.

சாம்பவி கையுறையைக் கழற்றி, சார்ஜரின் திரையில் பிரெஞ்சில் ஓடிய எழுத்துகளைப் படித்து, அட்டையைக் காட்டினாள். பெரிய கறுப்பு வயர்க்குழாய் குளிரில் விறைத்துப் பாம்புபோல் வளைய மறுத்தது. குத்தினாள், பிடிக்கவில்லை. இன்னொரு தரம் குத்தினாள். திரையில் சிவப்பு வந்தது.

குணேஸ்வரி இறங்கி வந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு, குழாயின் பாரத்தைத் தோளில் வாங்கினாள். முனையை உள்ளே வைத்து, கீழிருந்து உள்ளங்கையால் ஒரு விரற்கடை உயர்த்திப் பிடித்தாள். உள்ளே ஏதோ பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்கும்வரை அப்படியே நின்றாள். பச்சை எரிந்தது.

“பாரத்தில கீழ இழுக்கும். தூக்கிப் பிடிக்கவேணும்” என்றாள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

இருவரும் காருக்குள் ஏறிக் கதவை அடைத்தார்கள். ஹீட்டரைப் போடலாம் இப்போது. கண்ணாடிகளில் மூச்சுப் படிந்து வெளியே இருந்த மோலும் பனிக்குவியலும் மங்கின. விமானத்துக்குப் பொதி ஏற்றுகிற அலுமினியப் பெட்டிக்குள் இருக்கிறதுபோல் இருந்தது. அப்படிச் சொன்னவர் நகுலேஸ்வரன்தான்; போன வருடம் அவுஸ்திரேலியப் பயணத்தில், நெடுஞ்சாலையோரத்து ரோட்ஹவுஸ் சாப்பாட்டுக்கடை ஒன்றில். கிழங்கு பொரித்த பழைய எண்ணெயில் மின்சாரம் எடுக்கிற சார்ஜர் அங்கே இருந்தது. “இஞ்ச பாரும், கார் சிப்ஸ் மணக்குது” என்று சொல்லி மூக்கைக் காரின் பக்கத்தில் வைத்து முகர்ந்தார். அறுபத்தாறு வயது. பத்துக் கிலோ மெலிந்திருந்தார்.

“நான் உங்களுக்கு அந்தப் பிளேன் ரிக்கெற் எடுத்திருக்கக் கூடாது” என்றாள் சாம்பவி.

குணேஸ்வரி ஹீட்டரின் சத்தத்தைக் குறைத்தாள்.

“எண்ணிப் பாத்தனான். செப்டெம்பர் பன்ரண்டில போனீங்கள், ஒக்டோபர் கடைசியில வந்தீங்கள். ஏழு கிழமை. அந்த ஏழு கிழமை இஞ்ச நிண்டிருந்தா வயித்துநோவெண்டு அப்பா டொக்டரிட்டப் போயிருப்பார். முந்தியே பிடிச்சிருக்கலாம். முப்பத்தஞ்சாவது வெடிங் அனிவேர்சரி எண்டு நான்தானே தள்ளித் தள்ளி அனுப்பினது.” அவள் அழவில்லை. பலமுறை சொல்லிப் பார்த்த கணக்குப்போல் சொன்னாள். “டொக்டரிட்டயும் கேட்டனான். கொறிடோரில வச்சு. அவ ஒரு மாதிரிப் பாத்தா. ஒண்டும் சொல்லேல்லை.”

அந்த டொக்டரின் முகம் குணேஸ்வரிக்குத் தெரியும். நகுலேஸ்வரன் கேட்டுக்கொண்டதால் வாயை மூடிக்கொண்ட பெண் அவர். செப்டெம்பர் நான்காம் திகதியே எல்லாவற்றையும் சொல்லிவிட்ட பெண்.

குணேஸ்வரிக்கு அது புறப்படும் நாளில், டோர்வல் விமானநிலையத்தில்தான் தெரிந்தது. பெட்டிகளைக் கொடுத்துவிட்டுக் கதிரையில் இருந்தபோது அவர் சொன்னார். கணையம். பரவிவிட்டது. மருந்து ஏற்றினால் சில மாதம் கூடலாம், அதுவும் படுக்கையில்தான். வந்து பார்ப்பம் என்று சொல்லிவிட்டேன். மழை வரும்போல இருக்கு என்கிற குரலில் சொன்னார். அவள் எழுந்துவிட்டாள். வீட்டுக்குப் போவம் என்றாள்.

“பெட்டி உள்ள போட்டுது, குணம்” என்றார் அவர். இருபத்தாறு வருடம் அந்த விமானநிலையத்தின் அடித்தளத்தில் பெட்டி ஏற்றியவர். “இப்ப நாங்கள் ஏறேல்லையெண்டா, முழுக் கொன்ரெய்னரையும் இறக்கி எங்கட ரெண்டு பெட்டியையும் தேடவேணும். பெடியள் பாவம். ஆளாளுக்கு முதுகு நோ.”

அவள் விமானம் ஏறியது பெடியளுக்காக அல்ல. அதை அவருக்கும் அவள் சொன்னதில்லை. கணையம் என்ற சொல்லைக் கேட்டதும் நெஞ்சில் முதலாவதாக வந்தது பயமல்ல. அப்ப நாங்கள் போகமாட்டமோ என்கிற சின்னப்பிள்ளை ஏமாற்றம். பிறகுதான் பயம் வந்தது. முப்பத்தைந்து வருடத்தில் அவர் இரவு வேலை, அவள் பகல் வேலை. அவர் வரும்போது அவள் போவாள். ஒரே கட்டிலின் சூட்டை ஆள்மாறி ஆள்மாறிப் பாவித்தவர்கள். ஏழு கிழமை பக்கத்துப் பக்கத்தில் இருக்கப் போகிறோம் என்று அவள் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். அந்த ஒரு கணத்து ஏமாற்றத்தை இன்றுவரை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

‘பிள்ளைக்குச் சொல்லாதையும்’ என்று அவர் கேட்டார். ‘ஆசையா எடுத்துத் தந்தவள்.’

“பிள்ளை” என்றாள் இப்போது.

சாம்பவி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்று. “நேற்று செத்தவீட்டு ஸ்லைட்ஷோவுக்குப் படம் தெரிஞ்செடுத்தனான். அவுஸ்திரேலியாப் படம் எல்லாத்திலயும் அப்பா ஸ்டியறிங்கைப் பிடிச்சுக்கொண்டு சிரிக்கிறார். நல்ல வடிவா இருக்கிறார். ஆனா எல்லாப் படத்திலயும் வெளியில வயர் குத்தியிருக்கு. ஓடுற படம் ஒண்டுகூட இல்லை.”

குணேஸ்வரி தன் உள்ளங்கையைப் பார்த்தாள். குழாயின் கறுப்பு அதில் ஒட்டியிருந்தது. எவ்வளவு கவனமாக இருந்தார்கள். ஒவ்வொரு தரிப்பிலும் படத்துக்காக அவரைக் கைத்தாங்கலாக ஸ்டியறிங் பக்கம் ஏற்றி, முகம் கழுவி, தலை சீவி, தொப்பி போட்டு. வயரை மட்டும் இருவரும் யோசிக்கவில்லை.

“நீங்கள்தானே அங்க கார் ஓடினது?”

“ஓம்.”

“இஞ்ச சினோப் பனியில கார் வழுக்கினதோட ஸ்டியறிங்கைத் தொடமாட்டன் எண்டனீங்கள்.”

“ஓம்.”

“எங்கயிருந்து?”

“அடிலெய்ட் தாண்டி ரெண்டாம் நாள். அவரால இருக்க ஏலாமப் போச்சு. முதுகு நோ.”

“அப்ப அங்கயே அவருக்கு...”

“இஞ்சயே, பிள்ளை.” குரல் தன்னுடையதுபோல் இல்லை. “நீ ரிக்கெற்றை நீட்டேக்கை அவருக்குத் தெரியாது. போறதுக்கு எட்டு நாளைக்கு முன்னந்தான் அவருக்குச் சொன்னவை. மருந்துக்கு அதுக்குள்ளயே பிந்திப் போச்சு. எனக்கு எயார்போர்ட்டில தெரியும். ஏழு கிழமை உன்னால போகேல்லை. அதை நாங்கள்தான் எடுத்துக்கொண்டனாங்கள். ரெண்டு பேரும்.”

சாம்பவி திரையை விட்டுத் தாயின் பக்கம் திரும்பினாள்.

“வந்தாப் பிறகு?” என்றாள் சாம்பவி. “அஞ்சு மாசம். நான் ஒவ்வொரு சனியும் வந்தனான். ஒவ்வொரு சனியும் என்ர முகத்தைப் பாத்துச் சூப் ஊத்தித் தந்தீங்கள்.”

“சொல்லவேண்டாம் எண்டவர்.”

“ரெண்டு நாளா அவர் இல்லைத்தானே?”

அதற்குப் பதில் இருந்தது. உன்னையும் இழந்துவிடுவேனோ என்று பயந்தேன் என்பது. குணேஸ்வரி அதைச் சொல்லவில்லை. சாம்பவி கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். குளிர் உள்ளே வந்து கதவோடு வெளியே போயிற்று.

குணேஸ்வரி மூச்சுப் படிந்த கண்ணாடியில் கையால் ஒரு வட்டம் துடைத்து அதனூடாகப் பார்த்தாள். கறுப்புக் கோட்டு பனிக்குவியல் வரை நடந்தது. நின்றது. தொப்பி போடவில்லை. காது சிவக்கும். இறங்கிப் போய்த் தொப்பியைக் கொடுக்கலாம். சிறு வயதில் கோபித்துக்கொண்டால் பின்னால் வந்தவர்களோடு ஒரு நாளும் கதைக்கமாட்டாள். குணேஸ்வரி பின்சீற்றிலிருந்து தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பதினெட்டு. இருபத்தொன்று. அருமைராசா இரண்டு தரம் எடுத்தார். அவள் தொடவில்லை.

கதவு திறந்தது. சாம்பவியின் மூக்கு நுனி சிவந்திருந்தது. இருந்துகொண்டு, மடியில் கிடந்த தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

“எனக்கு இன்னும் கோவம்” என்றாள்.

“ஓம்.”

“நாளைக்கும் இருக்கும்.”

“இருக்கட்டும்.”

திரையில் இருபத்தாறு. வீட்டுக்குப் போக இது தாராளம். குணேஸ்வரி வயரைக் கழற்றுவதற்காகக் கையுறையை எடுத்தாள். சாம்பவி அசையவில்லை. தன் முன்னாலிருந்த ஸ்டியறிங்கையும் தாய் இருந்த பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அங்க ஸ்டியறிங் நீங்கள் இப்ப இருக்கிற பக்கமெல்லோ?”

“ஓம். இந்தப் பக்கம்.”

“அதுதான் சிவப்பு லைற்றில உங்கட கால் பிறேக்கைத் தேடினது.” பிறகு, “பயமா இருக்கேல்லையா?” என்றாள்.

“முதல் நாள் பயம்தான். அவர் சொன்னார், ‘பயப்படாதையும், இஞ்ச இடிக்கவேணுமெண்டாலும் ஆரையாவது தேடித்தான் பிடிக்கவேணும்’ எண்டு. அங்க ஒரு றோட்டு, பிள்ளை. நூற்றிநாப்பத்தாறு கிலோமீற்றர். ஒரு வளைவு இல்லை. ஸ்டியறிங்கைத் திருப்பவே தேவையில்லை.”

“அப்பா என்ன செய்தவர், அவ்வளவு நேரமும்?”

“நித்திரை.”

“நித்திரையோ?”

“வாயைத் திறந்துகொண்டு. குறட்டை வேற. இரவு வேலை செய்த மனுசன்தானே, பகல்லதான் வரும். மேடு பள்ளம் வந்தா அவருக்கு நோகுமெண்டு நான் எழுபதிலதான் ஓடினனான். பின்னால வந்த லொறிக்காரங்கள் எல்லாரும் ஹோர்ன் அடிச்சுப்போட்டுப் போனவங்கள். அவர் எழும்பேல்லை.”

சாம்பவி வாயைக் கையால் மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. சிரிப்பா அழுகையா என்று குணேஸ்வரி பார்க்கவில்லை.

போன் மறுபடி அதிர்ந்தது. சித்தப்பா என்று எழுத்து ஒளிர்ந்தது. சாம்பவி அதை எடுத்து, கவிழ்த்து, கதவுப் பைக்குள் போட்டாள்.

“அப்பா எத்தினை வீதம் மட்டும் சார்ஜுக்கு நிப்பார்?”

“எண்பது. அதுக்கு மேல மெதுவாத்தான் ஏறும், ஆசைப்படக் கூடாது எண்டு சொல்லுவார்.”

சாம்பவி கோட்டுப் பொத்தான்களைக் கழற்றினாள். சீற்றைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்தாள். பூட்ஸைக் கழற்றிவிட்டு, காலை மேலே எடுத்து மடித்து வைத்துக்கொண்டாள். குணேஸ்வரி ஹீட்டரின் காற்றை அந்தப் பக்கம் திருப்பிவிட்டாள்.

முப்பத்தொன்று என்றிருந்தது.