பங்கு போன மாத்திரை

எகிப்தின் தமன்ஹூரில் எங்கள் மருத்துவமனைப் பேராசிரியர்கள் பஹ்கத்துக்கும் ரதீபாவுக்கும் பதினெட்டு வருடச் சண்டை. கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை தினமும் வேண்டும் என்பார் ரதீபா அம்மாள். ஒன்றுவிட்டு ஒருநாள் போதும் என்பார் பஹ்கத். இருவரும் அதை ஒருநாளும் விழுங்கியதில்லை. விழுங்கிவிட்டு மலச்சிக்கலில் அழுதவர்களை யாரும் கேட்கவில்லை.

பஹ்கத்தின் மாணவி டாக்டர் ஷாஹிந்தா பட்டத்துக்காக அதையே ஆராய்ந்தாள். எண்பது கர்ப்பிணிகள், பாதிப் பேருக்குத் தினமும், மீதிப் பேருக்கு ஒன்றுவிட்டு ஒருநாள். நர்ஸான நான்தான் ரத்தம் எடுத்தேன். மூன்று மாதத்தில் இரு பக்கமும் ரத்தம் ஒரே அளவு ஏறியிருந்தது. பஹ்கத் மாப்பிள்ளை நடை நடந்தார்.

நன்றி சொல்ல, பஸ்பூசா என்கிற ரவை இனிப்புத் தட்டோடு ஷாஹிந்தா கர்ப்பிணிகள் கூடத்துக்கு வந்தாள். தினமும் விழுங்க வேண்டிய உம்மு யுஸ்ரி, மாத்திரையைக் கடித்து, பாதியைப் பக்கத்துப் பெண்ணிடம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றீங்க?"

"இவ பாத்துட்டாளே டாக்டரம்மா! வயித்துப் பிள்ளக்காரி பாக்க நான் மட்டும் முழுங்குனா, அவ ஆசப்பட்டு ஏங்கி, அவ பிள்ள முதுகுல மாத்திர சைசுல மச்சம் வந்துராதா?"

"இதென்ன தின்பண்டமா?"

"ஆசைக்கு அதெல்லாம் தெரியுமா? எங்க தெருவுல எல்லாரும் இப்படித்தான். நாங்க என்ன கல்நெஞ்சக்காரிகளா?"

எண்பது பேரும் அந்தத் தெருக்காரிகள். ஷாஹிந்தா தட்டை அங்கேயே வைத்துவிட்டு பஹ்கத்தின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

"வெளிய சொல்லாதம்மா," என்றார் பஹ்கத். "முடிவு நல்லாத்தானே வந்திருக்கு?"

"பங்கு போட்டுத் தின்னா ஒரே முடிவுதான் சார் வரும். இத நம்பி மாத்திரையக் குறைச்சு, நாளைக்கு ஒருத்தி ரத்தமில்லாமப் போனா?"

ஆராய்ச்சியை அவளே திரும்பப் பெற்றாள். பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது. மருந்தறையில் உட்கார்ந்து அழுதாள். நான் புதினா தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை உம்மு யுஸ்ரி பதினோரு கர்ப்பிணிகளோடு வந்து நின்றாள்.

"எங்க தெரு வேணாம் டாக்டரம்மா. ஊரெல்லாம் அலைஞ்சு பிடிச்சேன். ஒருத்தி மூஞ்சில ஒருத்தி முழிக்க மாட்டா. இந்தா, இவ அவளோட நாத்தனார். மாத்திர என்ன, பச்சத்தண்ணிகூடத் தர மாட்டா! இன்னும் ஆள் இருக்கு, கூட்டியாறேன்."

பின்னால் இருவர் நாற்காலிக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். ஷாஹிந்தா சிரித்துவிட்டாள். புதிய பதிவேட்டைத் திறந்தாள்.

குடும்பங்கள் ஒற்றுமையாக இருக்க ஐந்து வேளையும் வேண்டுகிறவள் நான். அன்று மாலை அஸர் தொழுகையில், மூன்று மாதம் மட்டும் இவர்கள் சமாதானமாகிவிடக் கூடாது என்று கேட்டேன். அல்லாஹ் மன்னிப்பான். பங்கு போடுகிற தாய்மார்களையும் சண்டை போடுகிற தாய்மார்களையும் படைத்தவன் அவன்தானே.