ரோஜா முள்ளும் ஒரு பென்னியும்

“நான் கழுவின காசு ஒண்ணு கண்ணத் திறந்து, ‘காலை வணக்கம் வில்ஃப்’னு சொல்லிச்சு. ரோமாபுரி ராஜா. குரல் மட்டும் கொஞ்சம் கரகரப்பு, பாவம், மண்ணுக்குள்ள கெடந்தாரில்ல.”

இங்கிலாந்தின் நார்ஃபோக்கில், ஊர் மதுக்கடையான அந்தப் பப்பில், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் வில்ஃப் இதைச் சொல்லாத சனிக்கிழமை கிடையாது. அவர் பஸ் ஓட்டிய காலத்தில் ரயில்கள் வெட்கப்பட்டுத் தண்டவாளத்தை விட்டு இறங்கி நின்றனவாம். எல்லோரும் சிரிப்பார்கள். அவரோடு, மண்ணுக்குள் கிடக்கும் காசைக் காட்டிக்கொடுக்கும் டிடெக்டரைத் தூக்கி வயல் வயலாக அலையும் ரூபென் கேட்ச்போல் மட்டும், “யோவ், ராஜா பல் வெளக்கியிருந்தாரா?” என்பார்.

எதையும் நம்பாதது ரூபெனின் பிறவிக் குணம். பெற்ற தாயையே நம்பாதவர் அவர்.

அம்மா ஐவி ஒரு கதை சொல்வாள்: போருக்குப் போகுமுன் அவள் காதலன் வால்டர் பிளாய் ஒரு பென்னிச் செப்புக்காசின் ஒரு பக்கத்தை அரத்தால் தேய்த்து, அவள் பெயரோடு தன் குடும்பப் பெயரையும் சேர்த்துக் கீறிக் கொடுத்தானாம். கிழங்கு பிடுங்கும்போது அது வயலில் விழுந்துவிட்டதாம். வால்டர் திரும்பி வரவில்லை. பிளாய் வீட்டார் வயிற்றுப்பிள்ளைக்காரியின் முகத்தில் கதவைச் சாத்தினார்கள். ரூபென் அப்பன் பெயர் இல்லாமல் வளர்ந்தார். அம்மா கட்டிவிட்ட கதை என்றே அவரும் நினைத்தார். மகன் நம்பவில்லை என்று தெரிந்தேதான் அம்மா செத்தாள்.

அந்த வயலின் சொந்தக்காரர் இந்த வருடம்தான் டிடெக்டர்காரர்களை உள்ளே விட்டார். கிழங்கு எடுத்த ஈர மண்ணில் ரூபெனின் டிடெக்டர் கூவியது. தோண்டினார். பச்சை பிடித்த ஒரு பென்னி. ஒரு பக்கம் மட்டும் உருவமே இல்லாமல் வழவழவென்று இருந்தது. கட்டைவிரலால் அதைத் தேய்த்தார்.

“கைய எடுய்யா!” வில்ஃப் போட்ட சத்தத்தில் காக்கைகள் பக்கத்து மாவட்டத்துக்கே பறந்திருக்கும். “அந்த மண்ணே அரம்யா! உங்கம்மா பேர நீயே அழிச்சுடுவ!”

விரல் பட்ட இடத்தில் ஒரு கீறல் மினுங்கியது.

பென்னி வில்ஃபின் சமையலறையில், காய்ச்சி வடித்த நீரில் வாரக்கணக்கில் ஊறியது. ரூபெனுக்குப் பொறுக்கவில்லை.

“எலுமிச்சம் சாத்துல போட்டா பளபளன்னு வந்துடுமே?”

“வரும். பளபளன்னு, எழுத்தே இல்லாம வரும்.”

பிறகு வில்ஃப் தோட்டத்திலிருந்து ஒரு ரோஜா முள்ளை ஒடித்துவந்தார். கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, முள் நுனியால் மண்ணைத் துணுக்குத் துணுக்காக எடுத்தார். முழுப் பிற்பகலும் ஒரு வார்த்தை பேசவில்லை. வீடு இவ்வளவு அமைதியாக இருக்கிறதே என்று பயந்து அவர் மனைவி மேவிஸ் வந்து மூச்சு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனாள்.

கடைசியில் பென்னியை ரூபென் பக்கம் நகர்த்தினார்.

ஐவி. அதன் கீழே, பிளாய். அதன் முதலெழுத்தைக் கட்டைவிரல் பாதி தின்றிருந்தது. மற்றவை அப்படியே இருந்தன.

ரூபென் அதைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை பப்பில் வில்ஃப் வாயே திறக்கவில்லை. யாரோ சீண்டினார்கள். “என்னப்பா, இந்த வாரம் எந்த ராஜாவும் பேசலியா?”

ரூபென் கோப்பையைக் கீழே வைத்தார். கை சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

“ராஜா இல்ல. எங்கம்மா.”

“அட, நீயுமா? காசு பேசிச்சாக்கும்?”

“பேசிச்சு,” என்றார் ரூபென். “நெஜமாவே நடந்துச்சு. நான்தான் இத்தன வருசமா காது குடுக்கல.”